எந்த மன்றம், யாருக்கு? பள்ளி மன்றங்களை ஆள்கணக்கில் வகுத்து ஓர் ஒப்பீடு

பள்ளியில் எந்த மன்றத்தில் சேர்வது என்று கேட்டால், பெரும்பாலானோர் பெயரைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ரோபோட்டிக்ஸ் என்றால் பொறியியலுக்கு நல்லது, விவாதம் என்றால் மேடைக் கூச்சம் போகும், சேவை மன்றம் என்றால் கல்லூரி விண்ணப்பத்தில் எழுத ஒரு வரி கிடைக்கும். ஆனால் ஒரு வருடம் முழுக்கப் போய் வந்த பிள்ளைக்கு ஒன்றும் ஒட்டாமல் போவதற்கும் மன்றத்தின் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: போட்டியும் விழாவும் இல்லாத ஒரு சாதாரண வாரத்துக் கூட்டத்தில், இந்த ஒரு மாணவருக்கு எத்தனை நிமிடம் வேலை இருக்கிறது?

கணக்கு எளிது. கூட்டம் எவ்வளவு நேரம், எத்தனை பேர் வருகிறார்கள், ஒரே சமயத்தில் எத்தனை பேர் கை வைக்க முடியும். இந்த மூன்றும் தெரிந்தால் போதும். 24 பேர் வரும் சதுரங்க மன்றத்தில் 12 பலகை இருந்தால் அத்தனை பேருக்கும் முழு நேரமும் ஆட்டம். அதே 24 பேர் ஒரே ஒரு ரோபோவைச் சுற்றி நின்றால் மூன்று பேர் திருகாணி முடுக்குவார்கள், மற்ற 21 பேர் எட்டிப் பார்ப்பார்கள். இந்த ஒப்பீடு முழுக்க இந்த அளவுகோலில்தான் நகர்கிறது. செலவு, தேர்வுக் காலத்தோடு மோதல், எங்கே சொதப்பும் என்பவை கூடவே வரும்.

விவாதமா, மாதிரி ஐ.நா.வா?

இரண்டிலும் பேச வேண்டும் என்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். விவாதத்தில் எதிராளியின் வாதத்தை அந்த நிமிடமே உடைக்க வேண்டும். மாதிரி ஐ.நா. என்றால் மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக அமர்ந்து ஐ.நா. கூட்டத்தைப் போலவே நடத்துவது. அதில் எதிராளியைத் தன் பக்கம் இழுத்து ஒரு தீர்மான வரைவில் கையெழுத்து வாங்க வேண்டும். சண்டைக் குணம் உள்ள பிள்ளை முதலாவதில் ஜொலிக்கும். இரண்டாவதில் அதே குணம் அதன் காலை வாரிவிடும்.

விவாத மன்றத்தின் நேரக் கணக்கைப் பாருங்கள். 1988-இல் தொடங்கிய உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியின் வடிவத்தைத்தான் பல பள்ளிகள் பின்பற்றுகின்றன. பக்கத்துக்கு மூன்று பேர், ஆளுக்கு 8 நிமிடம், கடைசியில் பக்கத்துக்கு ஒரு 4 நிமிடத் தொகுப்புரை. ஆக 48-உம் 8-உம் சேர்த்து 56 நிமிடம். பேசியவர்கள் ஆறே பேர். 24 பேர் மன்றத்தில் வாரம் ஒரு விவாதம் என்றால், ஒருவருக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறைதான் வாய்ப்பு. பிரிட்டிஷ் பார்லிமென்டரி முறையில் இரண்டு இரண்டு பேராக நான்கு அணி, ஆளுக்கு 7 நிமிடம். அதுவும் அதே 56 நிமிடம்தான், ஆனால் எட்டுப் பேர் பேசிவிடுகிறார்கள். உறுப்பினர் அதிகமுள்ள மன்றத்துக்கு இதுவே நல்ல பேரம். இதற்குக் கிடைக்கும் தயாரிப்பு நேரம் 15 நிமிடம்தான் என்பதால் புதியவர்கள் முதல் இரண்டு மாதம் திணறுவார்கள், அவ்வளவுதான்.

இந்தக் காத்திருப்பைக் குறைக்க நல்ல பயிற்றுநர்கள் செய்வது இது: கூட்டத்தின் முதல் அரை மணி நேரம் எல்லோரையும் இருவர் இருவராக எதிரெதிரே உட்கார வைத்து, ஒரே தலைப்பில் ஆளுக்கு 3 நிமிடம், பிறகு ஆளுக்கு 2 நிமிடம் மறுப்பு. அறையில் இரைச்சல் இருக்கும், இருக்கட்டும். பத்தே நிமிடத்தில் 24 பேரும் இரண்டு முறை பேசி முடித்திருப்பார்கள். இந்தப் பழக்கம் இல்லாத விவாத மன்றத்தில் நன்றாகப் பேசும் ஐந்தாறு பேர் மட்டும் வருடம் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். மற்றவர்கள் கைதட்டக் கற்றுக்கொள்வார்கள்.

விவாதத்தில் தோற்கும் இடங்கள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றேதான். இரண்டாம் பேச்சாளர் மறுப்பிலேயே ஐந்தாறு நிமிடத்தைக் கரைத்துவிட்டு, தன் அணியின் புது வாதத்தைக் கடைசி ஒரு நிமிடத்தில் ஓட்டமாகச் சொல்வார். மறுப்பு 3 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. மூன்றாம் பேச்சாளர் திடீரென்று புது வாதம் கொண்டுவருவார். அவர் வேலை இதுவரை நடந்த மோதலை அலசுவது. தொகுப்புரையில் சொன்னதையே மறுபடி சொல்வார்கள். அங்கே சொல்ல வேண்டியது எந்த மோதலில் ஏன் ஜெயித்தோம் என்பது. இந்த வடிவத்தில் உள்ளடக்கத்துக்கும் பேச்சு நடைக்கும் தலா 40, உத்திக்கு 20 என்று மதிப்பெண். குரலை உயர்த்தி வாங்குவது நடைக்கான 40-க்குள் ஒரு பங்குதான்.

இன்னொன்று, குறுக்குக் கேள்வி. 8 நிமிடத்தில் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் பாதுகாக்கப்பட்டவை. நடுவில் 6 நிமிடம் எதிரணி எழுந்து நிற்கலாம். ஒன்றுமே ஏற்காமல் பேசினால் பயந்ததாக நடுவர் எடுத்துக்கொள்வார். எல்லாவற்றையும் ஏற்றால் பேச்சு சிதறும். ஒன்றிரண்டு போதும், அதுவும் ஒரு வாக்கியத்தை முடித்த பிறகு.

குறிப்பெடுப்பதில்தான் உண்மையான பயிற்சி. ஒரு பெரிய தாளைப் படுக்கையாக வைத்துப் பேச்சாளருக்கு ஒரு பத்தியாகக் கோடு போட்டு, எதிரணிக்கு ஒரு நிறம், நமக்கு ஒரு நிறம். எதிரணியின் ஒவ்வொரு வாதத்துக்கும் நேரே நம் பதிலை எழுதினால், பதில் இல்லாத கட்டம் வெள்ளையாகக் கண்ணில் படும். அடுத்த பேச்சாளருக்கு அதுதான் முதல் வேலை.

மாதிரி ஐ.நா.வில் பேச்சு நேரம் இதைவிடக் குறைவு. 10 நிமிட நெறிப்படுத்தப்பட்ட விவாதம், ஆளுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் பத்துப் பேர் பேசலாம். 20 நாடுகள் அமர்ந்திருக்கும் குழுவில் பாதிப் பேருக்கு வாய்ப்பு வராது. ஆனால் பேச்சு இங்கே முக்கியமான வேலை இல்லை. நாற்காலியை விட்டு எழுந்து கூடிப் பேசும் இடைவேளைதான் களம். அங்கே நேரத்தை யாரும் பங்கிட்டுத் தர மாட்டார்கள். மடிக்கணினியைத் திறந்து வரைவை முதலில் தட்டச்சு செய்கிறவர் கையில்தான் தீர்மானம் போகும். கூச்ச சுபாவமுள்ள மாணவருக்கு இது நல்ல செய்தி. மேடையில் வாய் திறக்காமலே, எழுதத் தெரிந்த ஒரே காரணத்தால் ஒரு கூட்டணியின் மையத்துக்கு வந்துவிடலாம்.

தீர்மானம் எழுதுவதற்கு ஒரு கறாரான அமைப்பு உண்டு. முழுத் தீர்மானமும் இலக்கணப்படி ஒரே வாக்கியம். காரணங்களைச் சொல்லும் முன்னுரைப் பத்திகள் காற்புள்ளியில் முடியும், செய்ய வேண்டியதைச் சொல்லும் செயற்பத்திகள் அரைப்புள்ளியில், கடைசிப் பத்தி மட்டும் முற்றுப்புள்ளியில். செயற்பத்தி பலவீனமாக இருப்பதுதான் நிரந்தரக் குறை. "நீர் மேலாண்மைக்கு நிதி ஒதுக்க வேண்டும்" என்று எழுதினால் யார், எதிலிருந்து, எப்போதுக்குள், யார் கண்காணிப்பில் என்ற நான்கு கேள்விக்கும் பதிலில்லை. நாலும் இருந்தால் எதிர்க்கூட்டணியால் கேள்வி கேட்டு அதை வீழ்த்துவது கடினம்.

அதிகார எல்லையைத் தாண்டுவது அடுத்த தவறு. பொதுச்சபையில் அமர்ந்துகொண்டு ஒரு நாட்டின் மீது கட்டாயப் பொருளாதாரத் தடை விதித்துத் தீர்மானம் எழுதுவார்கள். பொதுச்சபை இத்தகைய விஷயங்களில் பரிந்துரைக்கலாம். எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் தடை பாதுகாப்பு அவையின் வேலை. அந்த அவையில் 15 உறுப்பினர், தீர்மானம் நிறைவேற 9 ஆதரவு வாக்கு, ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர் எதிர்த்தாலும் விழுந்துவிடும். நிரந்தர உறுப்பினர் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றால் அது வீட்டோ ஆகாது. இது தெரியாத குழுவில், தெரிந்த ஒருவர் போதும், முடிவையே மாற்றிவிடுவார்.

செலவில் விவாதம் வெகு மலிவு: நிறுத்துக் கடிகாரம், தாள், ஓர் அறை. மாதிரி ஐ.நா. மாநாடுகளுக்குக் கட்டணம், பயணம், தங்கல், முறையான உடை எல்லாம் சேரும். மாநாடுகள் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து நடப்பதால் வகுப்பும் போகும். வருடத்துக்கு ஒரே ஒரு மாநாட்டுக்கு மட்டும் போய், மற்ற மாதங்களில் ஒன்றும் செய்யாத மாதிரி ஐ.நா. மன்றம் என்றால் நான் விவாதத்தையே சொல்வேன். மாதம் ஒரு குழு அமர்வைப் பள்ளிக்குள்ளேயே நடத்தும் மன்றம் என்றால் கதை வேறு.

ரோபோட்டிக்ஸும் கணித மன்றமும்

அறிவியலில் ஆர்வமுள்ள பிள்ளையை யோசிக்காமல் ரோபோட்டிக்ஸில் தள்ளிவிடுகிறோம். கணித மன்றம் என்ற ஒன்று பக்கத்து அறையில் நடப்பதே பலருக்குத் தெரியாது. அதில் பார்க்க ஒன்றுமில்லை, ஆறேழு பேர் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். ஆள்கணக்கில் பார்த்தால் கணித மன்றம் எல்லாவற்றையும் மிஞ்சும்: எத்தனை பேர் வந்தாலும் அத்தனை பேருக்கும் முழு நேர வேலை, செலவு ஏறக்குறைய பூஜ்யம்.

ரோபோட்டிக்ஸில் எல்லாமே எந்தப் போட்டிக்குத் தயாராகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 1989-இல் டீன் கேமன் நிறுவிய ஃபர்ஸ்ட் அமைப்பின் டெக் சேலஞ்சில் ஓர் அணியில் 15 பேர் வரை இருக்கலாம், அணிக்கு ஒரு ரோபோ. ஆட்டம் தொடங்கும்போது அது 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும், ஏறத்தாழ 45.7 செ.மீ. அந்தப் பெட்டிக்குள் ஒரே நேரத்தில் எத்தனை கை நுழையும்? மூன்று, மிஞ்சினால் நான்கு. 2004-இல் தொடங்கிய உலக ரோபோ ஒலிம்பியாடில் அணிக்கு இரண்டு அல்லது மூன்று பேர்தான். ஆளுக்குக் கிடைக்கும் வேலை நேரம் பல மடங்கு கூடும். புதியவருக்குச் சிறிய அணியே நல்லது என்பது என் தீர்மானமான கருத்து. பெரிய அணிக்கு வேறொரு நன்மை உண்டு. வடிவமைப்பு, நிரல், பொறியியல் குறிப்பேடு, நிதி திரட்டல் என்று வேலை பிரிந்து நடக்கும். பிரித்துக் கொடுக்க ஆள் இருந்தால்தான் அது நன்மை. இல்லாவிட்டால் பதினைந்து பேரில் பத்துப் பேர் பெட்டி தூக்குவார்கள்.

சேர்வதற்கு முன் ஒரு கூட்டத்தைப் போய்ப் பாருங்கள். நிரல் எழுதுவது ஒரே ஒரு மாணவர், அதுவும் அவருடைய சொந்தக் கணினியில் என்றால், அந்த அணி அவருக்குக் காய்ச்சல் வரும் நாளில் முடிந்தது. பழைய நிரலின் ஓடும் பிரதி வேறோர் இடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். கேள்விக்கு விழித்தால் புரிந்துகொள்ளுங்கள்.

இந்தத் துறையில் தவறுகள் எப்படி நடக்கின்றன என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். டெக் சேலஞ்ச் ஆட்டம் இரண்டரை நிமிடம். அதில் முதல் 30 வினாடி ரோபோ தானாக ஓட வேண்டும். புதிய அணிகள் "இரண்டு வினாடி முன்னால் போ, நில், திரும்பு" என்று நேரத்தை வைத்து நிரல் எழுதும். பயிற்சியில் கச்சிதமாக நிற்கும். போட்டியன்று இலக்கைத் தாண்டிப் போய் முட்டும். மதியம் அதே நிரல் இலக்குக்கு முன்னாலேயே நின்றுவிடும். காரணம் மின்கலம். 12 வோல்ட் என்று எழுதியிருக்கும் கலம் முழுதாக ஏற்றியதும் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும். ஓட ஓட இறங்கும். மின்னழுத்தம் மாறினால் மோட்டார் வேகம் மாறும், வேகம் மாறினால் இரண்டு வினாடியில் போகும் தூரமும் மாறும்.

தீர்வு, நேரத்தை விட்டுவிட்டுச் சக்கரச் சுற்றை எண்ணுவது. சக்கரத்தின் விட்டம் 10 செ.மீ. என்றால் சுற்றளவு 31.4 செ.மீ.; ஒரு மீட்டர் போக 3.18 சுற்று. மோட்டாரில் உள்ள என்கோடர் அதை எண்ணித் தரும், மின்கலம் எந்த நிலையில் இருந்தாலும் சரி. அப்போதும் தூசியுள்ள தரையில் சக்கரம் வழுக்கினால் கணக்கு பிசகும். அதனால் நடுவில் ஒருமுறை சுவரில் மெதுவாக மோதி நேராக்கிக்கொள்வது பழைய, நம்பகமான உத்தி. திருப்பத்துக்கு, திரும்பிய கோணத்தை அளக்கும் ஜைரோ உணரியைப் பயன்படுத்த வேண்டும்.

இயந்திரப் பக்கத்தில் அடிக்கடி காலை வாருவது மோட்டார் தண்டைப் பிடித்திருக்கும் சின்னத் திருகாணி. அதிர்வில் தளர்ந்துவிடும், மோட்டார் சுற்றும், சக்கரம் நிற்கும். திருகாணி தண்டின் தட்டையான முகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, திருகு பிடிப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டு முடுக்க வேண்டும். அசையும் கையோடு போகும் கம்பிகளுக்கு முழு வீச்சுக்கும் போதுமான தளர்வு விட்டுக் கட்ட வேண்டும். இழுத்துக் கட்டிய கம்பி முதல் ஆட்டத்தில் கழன்று வரும், பார்க்க ரோபோ செத்த மாதிரி இருக்கும்.

போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே இயந்திர மாற்றங்களை நிறுத்திவிடும் அணியும் கடைசி இரவு வரை புதுக் கை பொருத்தும் அணியும் மோதினால், எளிய ரோபோ வைத்திருக்கும் முதல் அணிதான் பெரும்பாலும் முந்தும். ஓட்டுநருக்குப் பழக நாள் வேண்டும் அல்லவா.

கணித மன்றத்தில் தோல்வி இப்படிச் சத்தம் போடாது, அதுதான் அதன் ஆபத்து. 20 பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஆசிரியர் பலகையில் எழுதுவார், எல்லோரும் தலையாட்டுவார்கள். அது இன்னொரு வகுப்பு, மன்றம் இல்லை. இன்னொரு வகைச் சீரழிவு, கெட்டிக்காரர் ஒருவர் இரண்டாவது நிமிடத்திலேயே விடையைச் சொல்லிவிடுவது. மற்றவர்களின் யோசனை அங்கேயே செத்துவிடும். மூன்று கணக்கு கொடுத்து 25 நிமிடம் பேச்சே கூடாது, பிறகு 15 நிமிடம் இருவர் சேர்ந்து, பிறகு ஒருவர் பலகையில் எழுத மற்றவர்கள் ஓட்டை கண்டுபிடிப்பது என்று நடத்தும் மன்றம் நல்ல மன்றம்.

ஒரு பழைய கணக்கை எடுத்துக்கொள்வோம். 8-க்கு 8 சதுரங்கப் பலகையில் எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை வெட்டியாகிவிட்டது. மீதி 62 கட்டங்களை, இரண்டு கட்டத்தை மூடும் 31 டோமினோ வில்லைகளால் முழுவதும் மூட முடியுமா? முதல் பத்து நிமிடம் எல்லோரும் வரைந்து வரைந்து பார்ப்பார்கள். இன்னும் ஒரு கட்டம்தான் இடிக்கிறது என்று விடாமல் மாற்றிப் போடுவார்கள். ஒருவருக்கு நிறம் கண்ணில் படும்: எதிர் மூலைகள் இரண்டும் ஒரே நிறம். வெட்டிய பிறகு ஒரு நிறத்தில் 30, மற்றதில் 32. ஒவ்வொரு வில்லையும் ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் மூடும், ஆகவே முடியாது. மூட முடியாது என்பதை எல்லா வழிகளையும் முயலாமலே நிரூபிக்கலாம் என்று பிடிபடும் அந்த இடம் ஒரு பதினைந்து வயதுக்காரருக்குப் பெரிய விஷயம். பாடப்புத்தகம் அதைத் தருவது அபூர்வம்.

போட்டியின் உச்சி, 1959-இல் ருமேனியாவில் தொடங்கிய சர்வதேசக் கணித ஒலிம்பியாட். இரண்டு நாள், நாளுக்கு நாலரை மணி நேரம், மொத்தம் 6 கணக்கு, கணக்குக்கு 7 மதிப்பெண், முழு மதிப்பெண் 42. ஒரு கணக்குக்குச் சராசரி ஒன்றரை மணி நேரம் என்பதைக் கவனியுங்கள். வேகத்துக்குப் பழகிய மாணவர்கள் இங்கே சிரமப்படுவது அதனால்தான். விடை மட்டும் எழுதினால் மதிப்பெண் இல்லை, நிரூபணம் வேண்டும். ஆகவே எழுதிப் பழகாத மன்றம், எவ்வளவு கணக்குப் போட்டாலும் பாதி வேலைதான் செய்கிறது.

கையால் செய்து பார்த்தால்தான் புரியும் என்ற இயல்புள்ளவருக்கு ரோபோட்டிக்ஸ், சிறிய அணியில். தனியாக ஒரு மணி நேரம் ஒரே கேள்வியோடு உட்காரப் பொறுமை உள்ளவருக்குக் கணிதம். இரண்டிலும் சேரலாமா என்றால், ரோபோட்டிக்ஸ் போட்டிப் பருவத்தில் சனிக்கிழமைகளையும் எடுத்துக்கொள்ளும். கணித மன்றத்தில் ஒரு வாரம் போகாவிட்டால் குடி முழுகிப் போகாது. அதனால் இந்த ஜோடி நடைமுறையில் ஒத்துப்போகும்.

சதுரங்கம்

சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் இங்கே வேலை நேரப் பிரச்சினையே கிடையாது. பலகை இருந்தால் ஆட்டம். பிரச்சினை வேறு: மன்றம் முழுக்க 5 நிமிட அதிவேக ஆட்டமாக மாறிவிடுவது. ஒரு மணி நேரத்தில் ஆறு ஆட்டம் ஆடிவிட்டு, ஆறிலும் ஒரே தவறைச் செய்துவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். ஆளுக்கு 15 நிமிடமும் நகர்வுக்கு 10 வினாடி கூடுதலும் வைத்தால், 60 நகர்வு ஆட்டம்கூட அதிகபட்சம் 50 நிமிடத்தில் முடியும். ஒரு கூட்டத்துக்கு ஓர் ஆட்டம், நகர்வுகளை எழுதிக்கொண்டு ஆட வேண்டும், முடிந்ததும் இருவரும் சேர்ந்து முதல் பிழை எங்கே என்று தேட வேண்டும். கணினியில் போட்டுப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

உள்போட்டிக்கு, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு புள்ளி பெற்றவர்களை மோதவிடும் சுவிஸ் முறையே சரி. ஆட்டங்கள் சமனில் முடியாவிட்டால் 16 பேருக்கு 4 சுற்று, 32 பேருக்கு 5 சுற்றில் தனி வெற்றியாளர் தெரிந்துவிடுவார், யாரும் பாதியில் வெளியேற வேண்டியதில்லை. தொட்ட காயை நகர்த்த வேண்டும் என்ற விதியை முதல் நாளிலிருந்தே அமல்படுத்தாத மன்றத்தின் ஆட்கள் வெளிப் போட்டியில் அழுதுகொண்டு வருவார்கள். புதியவரை வாராவாரம் மிகப் பலமானவரோடு உட்கார வைத்தால் ஒரு மாதத்தில் காணாமல் போவார். பலம் வாரியாக இரண்டு மூன்று குழுவாகப் பிரிப்பதே மருந்து. கூட்டாக வேலை செய்வது, எழுதுவது, பேசுவது எதுவும் இங்கே வராது. அதை எதிர்பார்த்துச் சேர வேண்டாம்.

நாடகமும் பள்ளி இதழும்

இரண்டும் கலை, மொழி சார்ந்தவை என்று ஒரே கூடையில் போடுவார்கள். வித்தியாசம் எங்கே என்றால், ஒருவர் வராவிட்டால் என்ன ஆகும் என்பதில். இதழில் ஒருவர் கட்டுரை தரவில்லையென்றால் வேறொன்றைப் போட்டு நிரப்பலாம். நாடகத்தில் ஒருவர் ஒத்திகைக்கு வராவிட்டால் அந்தக் காட்சியில் இருக்கும் ஐந்து பேரின் மாலையும் வீண். வாரம் தவறாமல் வர முடியாத நிலை வீட்டில் இருந்தால், ஆசை எவ்வளவு இருந்தாலும் அந்த ஆண்டு நடிப்பை விட்டு மேடைப் பின்னணி வேலையைக் கேட்டு வாங்குவது நல்லது.

நாடகக்காரர்களிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு: மேடையில் ஒரு நிமிடத்துக்கு ஒத்திகையில் ஒரு மணி நேரம். 30 நிமிட நாடகத்துக்கு 30 மணி நேரம். வாரம் இரண்டு முறை ஒன்றரை மணி நேரம் என்றால் பத்து வாரம். இந்தப் பத்து வாரம் எந்தத் தேர்வில் போய் முட்டுகிறது என்பதை நாட்காட்டியில் பின்னிருந்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பெயர் கொடுக்க வேண்டும். வசனத் தாளைக் கையில் வைக்காமல் நிற்கும் நாள் ஆறாவது வாரத்துக்குள் வந்துவிட வேண்டும். அது தள்ளிப்போனால் இயக்குநர் கடைசி வாரம் வரை வசனம் எடுத்துக்கொடுப்பவராகவே இருப்பார். ஒளி, ஒலியோடு செய்யும் ஒத்திகையையும் உடையோடு செய்யும் ஒத்திகையையும் ஒரே நாளில் வைப்பது எல்லாப் பள்ளிகளும் செய்யும் பிழை. நடிகர்கள் உடைக்குள் வியர்த்துக்கொண்டு நிற்க, ஒருவர் விளக்கின் சுவிட்சைத் தேடிக்கொண்டிருப்பார்.

ஆள்கணக்கில், 20 பேர் குழு நான்கு பாத்திர நாடகத்தைத் தேர்ந்தெடுத்தால் கதை முடிந்தது. பிரதியைப் பார்த்ததும் பாத்திரங்களை எண்ணுங்கள். மேடை நிர்வாகி என்ற பொறுப்பை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. ஆனால் எந்த நடிகர் எந்த வசனத்தில் எங்கே நிற்கிறார், எந்தச் சொல்லில் விளக்கு மாறுகிறது என்று முழுப் பிரதியிலும் குறித்து வைத்து நாடகத்தையே நடத்துபவர் அவர்தான். ஒரு நிமிடம்கூட சும்மா இருக்க மாட்டார். பிறர் எழுதிய நாடகம் என்றால் காப்புரிமை அனுமதி வாங்கும் வேலையும் ஒத்திகைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இதழில் வேலை எல்லோருக்கும் உண்டு, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. கட்டுரை எழுதுவதோடு முடிந்தது என்று நினைப்பவர்களே அதிகம். பாதி வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. நடுவில் பின் அடிக்கும் அச்சு இதழில் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் வரும். 18 பக்கத்துக்கு விஷயம் இருந்தால் 16-ஆகச் சுருக்க வேண்டும் அல்லது 20-ஆக நீட்ட வேண்டும். இதைக் கடைசி நாளில் கண்டுபிடிக்கும் குழுக்கள்தான் முழுப்பக்க வாழ்த்துப் படம் போடுகின்றன.

புகைப்படத்தில் எப்போதும் ஒரே சிக்கல். 15 செ.மீ. அகலத்தில் அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் அச்சடிக்க ஏறத்தாழ 1,770 பிக்சல் அகலம் வேண்டும். கைப்பேசியில் எடுத்தபோது அது தாராளமாக இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பியதும் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொன்னால் மூலப்படம் அப்படியே வரும். மெய்ப்புப் பார்க்கும்போது ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் மூலத்தை வைத்துக்கொண்டு சரிபார்க்க வேண்டும். பிழைகள் ஒளிந்திருப்பது பெரும்பாலும் தலைப்பிலும் படக்குறிப்பில் வரும் பெயர்களிலும்தான். கட்டுரையைக் கவனமாகப் படித்துவிட்டுப் பெரிய எழுத்தைக் கண் தாண்டிப் போகும். மாணவர் படம் போடுமுன் அவர்கள் வீட்டாரின் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும்.

நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரும் இதழில் செய்தி போடுவது வீண், விளையாட்டு விழா நடந்தது எல்லோருக்கும் தெரியும். அந்த விழா ஏன் மதியம் இரண்டு மணி நேரம் தாமதமானது என்று நான்கு பேரிடம் கேட்டு எழுதும் இதழ்க் குழுவில் சேர்ந்தால் உண்மையாகவே ஏதாவது கற்கலாம். வாழ்த்துச் செய்தியும் கவிதையும் மட்டும் தொகுக்கும் குழுவில் கற்பது பக்க அமைப்பு மென்பொருள் மட்டுமே. அதுவும் ஒரு திறமைதான், மறுக்கவில்லை.

சேவை மன்றம், சுற்றுச்சூழல் மன்றம்

சேவை மன்றங்களில் ரோட்டரியின் இன்டராக்ட் 1962 முதல் நடக்கிறது; 12 முதல் 18 வயது வரை சேரலாம், ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு திட்டங்கள் செய்ய வேண்டும். அந்த இரண்டு திட்டம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். இரண்டும் ஒரு நாள் நிகழ்ச்சிகளாக, பேனர் பிடித்துப் படம் எடுப்பதோடு முடிந்தால் வருடத்தில் வேலை மொத்தம் ஐந்தாறு மணி நேரம். ஒரு முதியோர் இல்லத்துக்கு வாராவாரம் போய்ப் படித்துக் காட்டுவது, கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பு சொல்லித் தருவது போன்ற தொடர் வேலை இருந்தால் அதுவே முப்பது நாற்பது மணி நேரமாகும். சேரும் முன் கேளுங்கள்: சென்ற ஆண்டு செய்ததை யார் கேட்டார்கள், நீங்கள் போன பிறகு அங்கே என்ன நின்றது?

சுற்றுச்சூழல் மன்றத்திலும் மரம் நடும் நாள் என்ற அதே நோய் உண்டு. நட்டது எத்தனை என்று கேட்காமல், விடுமுறையில் தண்ணீர் ஊற்றும் முறைப் பட்டியல் எங்கே என்று கேளுங்கள். பட்டியலைக் காட்டினால் நல்ல மன்றம்.

நான் சுற்றுச்சூழலுக்கு ஒரு படி அதிகம் கொடுப்பது உரக்குவியல் போன்ற வேலைகளுக்காக. அது தினமும் பார்க்க வேண்டியது, அளவெடுக்கக்கூடியது, தப்பாகப் போனால் மூக்கே சொல்லும். கன அளவில் இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை, ஒரு பங்கு ஈரமான காய்கறிக் கழிவு. குவியல் ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் இருந்தால் நடுவில் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். வெப்பமானியைச் செருகித் தினமும் எழுதி வரைபடம் போடலாம். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காற்று இல்லை; காய்ந்த இலை சேர்த்துக் கிளற வேண்டும். வாரக்கணக்கில் ஒன்றுமே மாறவில்லையென்றால் வறண்டு கிடக்கிறது அல்லது குவியல் சிறியது. பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் பஞ்சு போன்ற ஈரம் சரி. இதற்கு முன், ஒரு நாள் பள்ளிக் குப்பை முழுவதையும் வகை பிரித்து, தொங்கு தராசில் நிறுத்து எழுதிக்கொண்டால் எவ்வளவு கழிவு உரத்துக்குப் போகும் என்று தெரியும். அந்தக் கணக்கு இல்லாமல் தொட்டி வாங்கியவர்கள் ஒன்று காலியாக வைத்திருப்பார்கள், அல்லது இரண்டே வாரத்தில் வழிய விட்டிருப்பார்கள்.

எத்தனை மன்றம், எப்போது?

நாடகம், ரோபோட்டிக்ஸ், மாதிரி ஐ.நா. மூன்றும் சில வாரங்களில் நேரத்தை மொத்தமாக விழுங்கும் வகை. விவாதம், கணிதம், சதுரங்கம், இதழ் ஆகியவை வாராவாரம் ஒரே சீராகக் கேட்கும் வகை. இதழுக்கு மட்டும் அச்சுக்குப் போகும் வாரம் விதிவிலக்கு. முதல் வகையில் ஒன்று, இரண்டாம் வகையில் ஒன்று. முதல் வகையில் இரண்டு எடுத்தால் இரண்டின் உச்சமும் ஒரே மாதத்தில் விழும் ஆபத்து இருக்கிறது. பொதுத்தேர்வு ஆண்டில் முதல் வகையை அறவே விடலாம்.

விண்ணப்பத்துக்காகச் சேர்பவர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. "உறுப்பினராக இருந்தேன்" என்பதைத் தவிர வேறு வினைச்சொல்லில் ஒரு வாக்கியம் எழுத வருமா? ஒளிக்குறிப்புகள் தயாரித்தேன், என்கோடர் நிரல் எழுதினேன், நீர்ப் பட்டியல் பராமரித்தேன். வராது என்று தெரிந்தால் மூன்றாவது கூட்டத்தோடு மாறிவிடுங்கள்; ஆண்டு நடுவில் மாறுவதைவிட அதில் எல்லோருக்கும் சங்கடம் குறைவு.

விரும்பிய மன்றம் பள்ளியில் இல்லையென்றால், கணிதமும் சதுரங்கமும் அடுத்த வாரமே தொடங்கலாம். ஆறு பேர், ஓர் அறை, பொறுப்பேற்க ஓர் ஆசிரியர். விவாதத்துக்கு அதோடு ஒரு நிறுத்துக் கடிகாரமும், நடுவராக உட்காரச் சம்மதிக்கும் ஒருவரும். ரோபோட்டிக்ஸை மட்டும் அவசரப்பட்டுத் தொடங்க வேண்டாம். வாராவாரம் வரக்கூடிய தொழில்நுட்பம் தெரிந்த பெரியவர் ஒருவர், பூட்டுப் போடும் அலமாரி ஒன்று, பாதி பொருத்திய ரோபோவை அடுத்த வாரம் வரை கலைக்காமல் விட்டுவைக்க ஒரு மேசை. இந்த மூன்றில் பள்ளிகளில் கிடைக்கவே கிடைக்காதது அந்த மேசைதான். அதைத் தலைமையாசிரியரிடம் முதலில் கேட்டு வாங்கிவிட்டு ரோபோ பாகங்கள் அடங்கிய பெட்டியை வாங்குங்கள்.